முன்சீட்டில் தூங்கியவன்

இங்கே காலையில் டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிக்னலில் வந்து நிற்கிற கார்களுக்குள் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார். பக்கத்துச் சீட்டில் ஒரு கைப்பையோ ரொட்டிப் பொட்டலமோ சவுகரியமாக உட்கார்ந்திருக்கும். தென் ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. செங்கல்பட்டில் ஒரு கார் வீட்டை விட்டுக் கிளம்பினால் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அதில் இடம் இல்லாமல் போய்விடும். கூடுவாஞ்சேரி வரைக்கும்தானே, என்னையும் இறக்கிவிட்டுப் போ என்று யாராவது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்திருப்பார்கள். இதை ஒருமுறை போனில் என் அக்கா கணவர் காதர் மச்சானிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தனியாகப் போகிறவனுக்குத் தூக்கம் வந்தால் யார் எழுப்புவார்கள் என்று கேட்டார். மகாபலிபுரத்தில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர் அப்படித்தான் கேட்பார் என்று நினைத்து அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நான் செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. நான் கார் செய்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார் செய்கிறவர்கள் வேறு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திரையில் என்ன தெரியலாம், எப்போது தெரியக் கூடாது என்று தீர்மானித்து அதற்கான மென்பொருளை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். வழிகாட்டும் வரைபடம், பாட்டு, போன் எல்லாம் ஒவ்வொன்றாக அந்தத் திரைக்குள் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. பாதியாக வெட்டிய ஒரு காரை அறைக்குள் வைத்து, எதிர்ச் சுவரில் ஒரு சாலையை ஓடவிட்டு, ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் கண் எவ்வளவு நேரம் சாலையை விட்டுத் திரைக்கு வருகிறது என்று கேமராவில் பார்ப்போம். பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற நேரத்துக்குள் படித்து முடிக்க முடியாத எதுவும் திரையில் இருக்கக் கூடாது. பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், பட்டியல் நீளக் கூடாது. ஓட்டுகிறவர் பாதியில் விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்தால், திரை அவசரப்படுத்தாமல் விட்ட இடத்திலேயே காத்திருக்க வேண்டும். சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டால் ஊர்ப் பெயரைத் தட்ட விடக் கூடாது, படம் ஓட விடக் கூடாது. அந்தக் கடைசிப் பூட்டு என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் மப்பும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மப்போடுதான் ஒரு டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அக்கா நூர்ஜகான் வாழ்க்கைப்பட்டது சதுரங்கப்பட்டினத்தில். மச்சான் வண்டியை வாசலில் நிறுத்தி, என்னை உள்ளே உட்காரவைத்து, புதிதாக மாட்டிய டிவிடி பெட்டியைக் காட்டினார். டாஷ்போர்டின் நடுவிலிருந்து ஒரு திரை மெல்ல வெளியே வந்து நிமிர்ந்து நின்றது. அந்த மாதிரிப் பெட்டிகளின் பின்னால் மெல்லிய ஒயர் ஒன்று இருக்கும். அதை ஹேண்ட் பிரேக்கோடு இணைக்க வேண்டும். பிரேக் போட்டு வண்டி நின்றால்தான் படம் தெரியும். செங்கல்பட்டுக் கடைக்காரர்கள் அந்த ஒயரை பிரேக்குக்குக் கொண்டுபோகாமல் வண்டியின் இரும்பு உடம்பிலேயே முறுக்கி விட்டுவிடுவார்கள். வண்டி எந்நேரமும் பிரேக் போட்டு நிற்பதாகப் பெட்டி நம்பிக்கொள்ளும். புதுச்சேரி சாலையில் பறக்கும்போதும் ஆட்டம் பாட்டம் எல்லாம் தடையில்லாமல் ஓடும். மச்சான் அதைப் பெருமையாக விளக்கினார். நான் அங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதுகிற பூட்டை இங்கே ஒரு கடைப் பையன் டீ ஆறுவதற்குள் திறந்துவிடுகிறான் என்பது எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் அக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் பயந்துபோயிருந்தாள். சவாரியை இறக்கிவிட்டுத் தனியாக வரும்போதெல்லாம் அவர் அந்தப் பெட்டியைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார் என்றும், தான் சொன்னால் காதில் வாங்குவதில்லை என்றும் சொன்னாள்.

"நீ அந்த வேலைதானே பாத்துகினு கீறே. நீ சொன்னா கேப்பாரு, சலீமு. அத்த கழட்டச் சொல்லு. அவரு வூடு வந்து சேர்ற வரிக்கும் எனுக்கு உசுரு இல்ல."

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சானை உட்காரவைத்து ஒரு வகுப்பே எடுத்தேன். கண் ஒரு நொடி சாலையை விட்டு விலகினால் வண்டி அதற்குள் எவ்வளவு தூரம் குருடாக ஓடும் என்று வாசலில் நடந்து காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்சீட்டுச் சனங்கள் பாட்டுக் கேட்கிறார்கள், இல்லையென்றால் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, சனங்கள்கூடப் பெரிதில்லை, புதுச்சேரியில் இறக்கிவிட்டு மத்தியான வெயிலில் காலி வண்டியாகத் திரும்பும்போது பக்கத்தில் பேச ஆள் இல்லை, அப்போது அந்தப் பெட்டிதான் பேசிக்கொண்டு வருகிறது என்றார். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தித் தூங்குங்கள் என்று நான் பளிச்சென்று பதில் சொன்னேன். எங்கள் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மச்சான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், இனிப் படம் வராதபடி அந்த ஒயரை இரும்பிலிருந்து அவிழ்த்துவிட்டு வந்தார். வெளிநாட்டில் இருந்து வந்த மனைவியின் தம்பிக்குக் கொடுக்கிற மரியாதை அது; அவருக்கு நானும் மச்சான்தான். நான் அதை என் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கடப்பாக்கத்தில் ஒரு நிக்காஹ். மச்சான் வழிச் சொந்தம். வண்டி நிறைய ஆட்கள். முன்சீட்டில் நான்தான் உட்காருவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்சீட்டைப் பற்றி நம்மூர் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே என்னைப் போல வந்து பல வருடம் ஆனவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மிடம் முன்சீட்டு என்பது காற்று வாங்குகிற இடம் இல்லை. அதில் உட்காருகிறவருக்கு வேலை உண்டு. அவர் தூங்கக் கூடாது. அவர் தூங்கினால் அந்தத் தூக்கம் ஓட்டுகிறவருக்குத் தொற்றிக்கொள்ளும் என்பது நம் எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும், டீக்கு நிறுத்தலாமா என்று கேட்க வேண்டும், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்ட வேண்டும். அலுவலகத்தில் எங்கள் கையேட்டில் ஓட்டுகிறவரின் கவனத்தைக் கெடுப்பவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. போன், சாப்பாடு, சிகரெட் ஆகியவற்றோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதில் ஒரு வரி. அதை எத்தனையோ தடவை படித்தும் எனக்கு ஒன்றும் உறுத்தியதில்லை.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் போனது. வரும்போதுதான் வினை. வயிறு முட்டப் பிரியாணி, தால்சா, மேலே ஒரு கப் பாயாசம். விமானக் களைப்பு வேறு இன்னும் தெளியவில்லை. கடப்பாக்கத்தைத் தாண்டி ஈசிஆரில் ஏறியதும் ஒரு பக்கம் உப்பளத்தின் வெள்ளை வெளிச்சம், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. நான் மச்சானிடம் ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளைப் பற்றி ஏதோ அளந்துகொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை முடித்தேனா என்று எனக்குத் தெரியாது.

வண்டி நின்றபோதுதான் விழித்தேன். மச்சான் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். அவர் முகத்தில் தண்ணீர் அடித்திருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. அப்படியென்றால் அவருக்கும் கண் சொருகியிருக்கிறது. அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"மச்சான், நீ பின்னால போயி நல்லா படுத்துக்க. நூரு, நீ முன்னால வா."

யாராவது சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பித்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சானின் அம்மா நகர்ந்து இடம் விட்டு, தான் போர்த்தியிருந்த துப்பட்டியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். காய்ச்சல்காரனுக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்தார்கள். கார்ப் பாதுகாப்பு என்று வாசலில் நடந்து காட்டியவன், அந்த வண்டியில் இருந்த ஒரே ஒரு பாதுகாப்பு விதியைக் காப்பாற்றத் தெரியாமல், கல்யாணப் புதுச் சட்டையோடு பின்சீட்டுக்கு அனுப்பப்பட்டேன். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜெர்மனியில் முன்சீட்டில் தூங்கினால் ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கூட வைப்பார்கள். ஆனால் அந்தச் சமாதானத்தை அந்த வண்டிக்குள் யாரிடம் சொல்வது?

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தேன். அக்கா பேச ஆரம்பித்தாள். தால்சாவில் புளி தூக்கல் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா தன்னைக் கண்டும் காணாத மாதிரி போனதைச் சொன்னாள். குக்கர் கேஸ்கட் போய்விட்டது, மூன்று தடவை சொல்லியும் வாங்கி வரவில்லை என்று மச்சானைக் கடிந்துகொண்டாள். எதிரே பஸ் வந்து ஹாரன் கேட்டால் வார்த்தையின் நடுவில் நிறுத்தினாள், பஸ் போனதும் விட்ட இடத்தில் தொடர்ந்தாள். மச்சானின் பதில் இழுக்க ஆரம்பித்தால் கதை சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டாள். பாலாற்றுப் பாலம் வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. நான் கண்ணைத் திறக்காமலேயே கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தால், வண்டிக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹேண்ட் பிரேக் கீழே இறங்கியிருந்தது, திரையில் படம் தெரிந்தது. ஒயர் பழைய இடத்துக்கே போய்விட்டது. அவர் அதை மறைக்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கும் இல்லை. அக்கா என்னிடம் மறுபடியும் கேட்கவே இல்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. விடுமுறை முடிந்து விமானம் ஏறும்வரை நான் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த சில வாரங்களில் அலுவலகத்தில் இந்தியாவுக்கான திரையைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். எங்கள் குழுத் தலைவி ஸபீனெ நல்ல மனுஷி, யாரையும் மட்டம் தட்டிப் பேச மாட்டாள். அவள் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, இந்தியாவில் ஓடுகிற காரில் ஓட்டுநருக்கு முன்னால் படம் போடுகிறார்களாமே, உண்மையா என்று கேட்டாள். அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கோ ஒன்றிரண்டு பேர் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். என் ஊரை நினைத்து வெட்கப்பட்டேன், அப்படி வெட்கப்பட்டதை நினைத்து இன்னும் வெட்கப்பட்டேன். யாரோ ஒருவர், எப்படியும் ஒயரை மாற்றி முறுக்கிவிடுவார்கள் என்றால் அந்த நாட்டு வண்டிக்கு இந்தப் பூட்டு எதற்கு, செலவு மிச்சமாகுமே என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் பூட்டில்லாத வண்டியில் வரிசையாக ஈசிஆரில் போவது கண்ணுக்கு முன்னால் வந்தது.

பூட்டு இருக்கட்டும் என்று நான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர்கள் ஏன் ஒயரை மாற்றுகிறார்கள் என்று யாராவது கேட்டோமா, பேச்சுத் துணைக்குத்தான் மாற்றுகிறார்கள் என்று சொல்லி, முன்சீட்டு வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். முன்சீட்டுக்காரரை இங்கே பைஃபாரர் என்பார்கள். எங்கள் ஊரில் பைஃபாரர் தூங்கக் கூடாது, அவரும் வண்டியின் ஒரு பாகம் என்றேன். ஸபீனெ ஆர்வமாகக் குறித்துக்கொண்டு, பந்தயக் கார்களில் வழி படித்துச் சொல்கிறவர் மாதிரியா, அதற்குப் பயிற்சி உண்டா என்று கேட்டாள். இல்லை, கல்யாணத்தில் தால்சா எப்படி இருந்தது என்று பேசுவார் என்றேன். மேசை முழுவதும் சிரித்தார்கள். தால்சா என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே பருப்பும் கறியும் சேர்ந்த குழம்பு என்று விளக்க ஆரம்பித்தேன், பேச வந்த விஷயம் அதோடு போய்விட்டது.

முழுவதும் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பூட்டு தப்பித்தது. முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போட்டிருப்பது வண்டிக்கே தெரியும் என்பதால், அப்போது மட்டும் போகும் ஊரின் பெயரைத் தட்ட விடலாம், ஆனால் எழுத்துகள் அவர் கைக்கு எட்டும் ஓரத்தில்தான் வர வேண்டும் என்று முடிவானது. தனியாக ஓட்டுகிறவர் வெகுநேரம் நிறுத்தாமல் போனால் நிறுத்தி இளைப்பாறச் சொல்லித் திரையில் ஒரு காப்பிக் கோப்பைப் படம் வரும். இதை மச்சானிடம் போனில் சொன்னபோது, டீக்கடை எங்கே இருக்கிறது என்றும் சேர்த்துக் காட்டச் சொன்னார். நியாயமான யோசனைதான், எழுதி வைத்துக்கொண்டேன். அதே கூட்டத்தில், வண்டி ஓடும்போது போன் எண்கள் தெரியக் கூடாது, வருகிற அழைப்பு ஓசையில்லாமல் ஒதுங்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். பக்கத்தில் இருக்கிறவருக்குச் சாலை தெரியும், லாரி வந்தால் வாயை மூடுவார், போனில் பேசுகிறவருக்கு லாரி தெரியாது. அந்தக் காரணத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பாலாற்றுப் பாலம் வரை ஓயாமல் பேசிய அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியாது.

கோடைக்காலத்தில் ஒருநாள் அக்கா போனில் கூப்பிட்டாள். புதுச்சேரியிலிருந்து காலியாக வந்தபோது மச்சானின் வண்டி சாலையை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பு மணலுக்குள் போய்ச் சொருகி நின்றுவிட்டதாம். நெற்றியில் ஒரு வீக்கம், வேறு ஒன்றும் இல்லை. பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து கதவைத் தட்டித்தான் எழுப்பியிருக்கிறார்கள்.

"பெட்டில பாட்டு ஓடிகினே கீது, இவரு தூங்கிகினு கீறாரு," என்றாள் அக்கா. "நீ அங்க உக்காந்துகினு இன்னா பண்ணுவே, பாவம்."

அவள் என்னைப் பாவம் என்றாள். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊருக்குப் போன ஒரு நண்பரிடம், காதில் மாட்டிக்கொள்கிற புளூடூத் கருவி ஒன்றை மச்சானுக்குக் கொடுத்தனுப்பினேன். இப்போது புதுச்சேரியில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகக் கிளம்பினால் மச்சான் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அங்கே மத்தியானம், இங்கே காலை. நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய்க் கூப்பிடுவேன். எந்த இடம் என்று கேட்பேன். மரக்காணம் என்பார், கடப்பாக்கம் என்பார். குக்கர் கேஸ்கட் வாங்கியாயிற்றா என்று விசாரிப்பேன். ஹாரன் கேட்டால் வாயை மூடிக்கொள்வேன், அடங்கியதும் தொடர்வேன். பதில் இழுத்தால் கேள்வி கேட்பேன், அதற்கும் இழுத்தால் நிறுத்தி முகம் கழுவச் சொல்லிச் சத்தம் போடுவேன். சத்தம் போட்டால் நிறுத்துகிறார். இது தப்பு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தக் கட்டடத்தில் அதிகம் பேர் இல்லை. போனை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பி, ஓடுகிற வண்டிக்கு வருகிற அழைப்பை எப்படித் தடுப்பது என்று எழுதுகிறேன். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. நிறுத்துவதற்கு மட்டும் பயமாக இருக்கிறது.

பேசுவதற்கு அமைதியான இடம் எங்கள் பட்டறையில் நிற்கிற சோதனைக் கார்தான். அதன் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒருநாள் ஸபீனெ கண்ணாடியைத் தட்டினாள். காலி வண்டியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, குரல் சோதனையா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். அதற்குள் காதில் மச்சானின் குரல் உயர்ந்துவிட்டது.

"மச்சான், கீறியா? சத்தத்தையே காணோம். தூங்கிட்டியா?"

"கீறேன் மச்சான், தூங்கல. நீங்க ரோட்டப் பாருங்க," என்று சொல்லி அவர் பக்கம் திரும்பினேன். நம்மூர் வண்டியில் ஓட்டுகிறவர் முன்சீட்டுக்காரனுக்கு வலப்பக்கம் இருப்பார். இங்கே வண்டிகள் மாறி இருக்கின்றன, ஸ்டியரிங் இடப்பக்கம். பேசும்போதெல்லாம் என் கழுத்து தானாக வலப்பக்கமே திரும்புகிறது. அங்கே மச்சான் இல்லை, மூடிய கதவின் கண்ணாடிதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி, பாலாற்றுப் பாலம் வந்துவிட்டதா என்று கேட்டேன்.